ஓட்டம் குறைந்த பெரிய செடான்: டீலரிடம் வாங்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு வயதான பெரிய செடான், மீட்டரில் 20,000 கிலோமீட்டர்கூட இல்லை, பளபளவென்று ஷோரூமில் நிற்கிறது. "ஒரே ஓனர் சார், வீட்டிலேயே நின்ன வண்டி" என்கிறார் விற்பனையாளர். அந்த இடத்தில் மனதில் எழும் கேள்விகளைத்தான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய வண்டி வாங்கும் உறவினர்களோடும் நண்பர்களோடும் பலமுறை துணைக்குப் போனதில் தெரிந்துகொண்டவை இந்தப் பதில்கள்.

பெரிய செடான் என்று எதைச் சொல்கிறார்கள்?

நான்கு கதவு, தனி டிக்கி, பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் முட்டி இடிக்காமல் உட்காரும் இடம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு ஓர் அளவே வைத்திருக்கிறது: ஆள் உட்காரும் இடத்தையும் டிக்கியையும் கூட்டினால் 120 கன அடியோ அதற்கு மேலோ வர வேண்டும். டொயோட்டா அவலான், செவ்ரோலே இம்பாலா, ஃபோர்டு டாரஸ், கிறைஸ்லர் 300 போன்றவற்றைப் பொதுவாக இந்த ரகமாகச் சொல்வார்கள். நீளம் 5 மீட்டரை ஒட்டி இருக்கும். வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டுக் கிளம்புங்கள்.

இந்த ரகத்தில் பல மாடல்கள் இப்போது புதிதாக வருவதில்லை. அமெரிக்காவில் டாரஸ் 2019இலும் இம்பாலா 2020இலும் அவலான் 2022இலும் நின்றுபோயின. வாங்குபவர்கள் எஸ்யூவி பக்கம் சாய்ந்துவிட்டதால் பெரிய செடான்களின் மறுவிற்பனை விலை சீக்கிரம் இறங்குகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இது லாபம்தான். உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலைக்கு, அந்த மாடலின் எஞ்சினும் கியர்பாக்ஸும் வேறு எந்தெந்த வண்டியில் வருகின்றன என்று பார்த்தால் போதும். அவலானின் வி6 எஞ்சின் காம்ரியிலும் வந்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு பாகம் தேடி அலைய வேண்டியிருக்காது.

எவ்வளவு ஓடியிருந்தால் "ஓட்டம் குறைவு" எனலாம்?

மொத்தக் கிலோமீட்டரை வண்டியின் வயதால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கி.மீ. சுமாரான ஓட்டம். 8,000க்குக் கீழே என்றால் குறைவு. 3,000க்குக் கீழே போனால் அந்த வண்டியை "ஓடிய வண்டி" என்று நினைக்காதீர்கள், "நின்ற வண்டி" என்று நினைத்துச் சோதியுங்கள். இரண்டுக்கும் வரும் நோய்கள் வேறு.

ஓட்டம் குறைவு என்றால் நல்ல வண்டிதானே?

பாதி உண்மை. காரில் சில பாகங்கள் ஓட்டத்தால் தேயும், சில பாகங்கள் வயதால் கெடும். பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், சீட் துணி எல்லாம் முதல் வகை. டயர் ரப்பர், பேட்டரி, ஆயில் சீல்கள், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குழாய்கள், பிரேக் ஆயில் எல்லாம் இரண்டாம் வகை. மீட்டர் முதல் வகையைப் பற்றி மட்டுமே பேசும்.

பிரேக் ஆயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடி திறக்காவிட்டாலும் அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எடை கூடிய பெரிய செடான் மலைப்பாதையில் இறங்கும்போது, தொடர்ந்து மிதித்த பிரேக்கில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். பல உற்பத்தியாளர்கள் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். "வண்டிதான் ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்?" என்று விட்டுவைத்த உரிமையாளரின் கார் இப்போது உங்கள் முன்னால் நிற்கலாம்.

குறைந்த ஓட்டம் பெரும்பாலும் குட்டிக் குட்டி ஓட்டமாக இருக்கும். கடைக்கு, கோயிலுக்கு, திரும்ப வீட்டுக்கு. எஞ்சின் முழுச்சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுவார்கள். ஆயிலில் சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக அவகாசமே கிடைக்காது. ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெண்ணெய் தடவியதுபோல வெளிறிய பசை ஒட்டியிருந்தால் வண்டி பெரும்பாலும் இப்படிக் குட்டி ஓட்டம் ஓடியிருக்கிறது. கூலண்ட் ஆயிலில் கலந்தாலும் இதே பசை வரும். அதனால் கூலண்ட் மட்டத்தையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

இவ்வளவு குறைவாக ஓடிய வண்டி டீலரிடம் எப்படி வந்து சேர்கிறது?

பெரும்பாலும் நல்ல காரணம்தான். வயதானவர்கள் விரும்பி வாங்கும் ரகம் இது. ஓட்டுவதை நிறுத்தியபிறகு பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நிறுவன அதிகாரிகளுக்காக வாங்கிய வண்டிகளும் வரும். ஆனால் விபத்தில் அடிபட்டு மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்ததும், வெள்ளத்தில் நின்றதும்கூட ஓட்டத்தைக் குறைத்துத்தான் காட்டும். "ஏன் ஓடவில்லை?" என்று நேராகக் கேளுங்கள். பதிலை சர்வீஸ் ரசீதுகளின் தேதிகளோடு ஒப்பிடுங்கள். நடுவே பதினெட்டு மாதம் எந்த ரசீதும் இல்லையென்றால் அந்தப் பதினெட்டு மாதத்தைப் பற்றித்தான் மேலும் கேட்க வேண்டும்.

மீட்டரைக் குறைத்து வைத்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

பயம் நியாயமானது. டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்று பலர் நம்புகிறார்கள். கருவி இருந்தால் திருத்தலாம். ஆனால் எண்ணைத் திருத்துபவரால் வண்டி முழுவதையும் திருத்த முடியாது.

முதலில் ஓட்டுநர் கதவைத் திறந்து, உட்காராமல், சீட்டின் வெளிப்புற விளிம்பைப் பாருங்கள். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் தொடை உரசும் இடம் அது. 20,000 கி.மீ. வண்டியில் அங்கே தோல் சுருங்கி வெடித்திருக்கக் கூடாது. பிறகு பிரேக் பெடல் ரப்பர். அதன் வரிகள் மழுங்கியிருந்தாலோ, பழைய வண்டியில் அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ, இரண்டுமே சந்தேகத்துக்குரியவை. ஸ்டியரிங் வளையத்தில் கை பிடிக்கும் இடத்தின் வழவழப்பு, அடிக்கடி அழுத்தும் பட்டன்களில் அழிந்த எழுத்து, சாவி நுழையும் இடத்தின் கீறல் எல்லாமே சாட்சிகள்தாம்.

அடுத்தது காகிதம். ஒவ்வொரு சர்வீஸ் ரசீதிலும், காப்பீட்டு ஆய்விலும், தகுதிச் சோதனையிலும் அன்றைய கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். தேதி வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். ஓர் இடத்தில்கூட எண் பின்னோக்கிப் போகக் கூடாது. எழுத்தும் இலக்கமுமாக 17 இடங்கள் கொண்ட வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) வைத்து வரலாற்று அறிக்கை எடுக்கும் வசதி பல நாடுகளில் உண்டு. கண்ணாடிக்கடியில் டேஷ்போர்டில் உள்ள எண், கதவுச் சட்டத்தில் உள்ள எண், பதிவுச் சான்றில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வின் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. வந்திருந்தால் தகடே போலி, அல்லது படித்தது தவறு.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால், வண்டியின் மற்ற கணினிகளிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் கியர்பாக்ஸ், பிரேக் கணினிகள் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கும். மீட்டரைத் திருத்தியவர் அவற்றை மறந்திருக்கலாம்.

எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் பார்க்க வேண்டுமாமே?

அவசியம் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். சில வண்டிகளில் டேஷ்போர்டு மெனுவிலேயே தெரியும், மற்றவற்றில் ஸ்கேனர் வேண்டும். கிலோமீட்டரை மணி நேரத்தால் வகுங்கள். 30,000 கி.மீ. ஓடிய வண்டியின் எஞ்சின் 600 மணி நேரம் ஓடியிருந்தால் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ., நன்றாக ஓடிய வண்டி. அதே 30,000 கி.மீ.க்கு 1,500 மணி நேரம் என்றால் சராசரி வெறும் 20. நெரிசலிலோ, ஏசியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றோ கழிந்த காலம் அது. அங்கே எஞ்சின் தேய்ந்தது, மீட்டர் நகரவில்லை.

போலீஸ் பணியில் இருந்து விற்பனைக்கு வரும் பெரிய செடான்களில் இது மிகவும் முக்கியம். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும் ஒரு மணி நேரத்தை 33 மைல், அதாவது சுமார் 53 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமாக எண்ண வேண்டும் என்பது தன் போலீஸ் வண்டிகளுக்கு ஃபோர்டு சொல்லும் கணக்கு.

நேரில் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

டயர். சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3517 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். நான்கையும் ஸ்டெப்னியையும் பாருங்கள்.

என் சித்தப்பாவுக்காக ஒரு வண்டி பார்க்கப் போயிருந்தோம். ஏழு வயது, 19,000 கி.மீ. "டயரைப் பாருங்க சார், பட்டன்கூடத் தேயலை" என்றார் விற்பனையாளர். உண்மைதான், பட்டன், அதாவது டயர் சாலையில் படும் பக்கத்தின் வரிகள், ஆழமாகவே இருந்தது. குனிந்து சுவரைப் பார்த்தால், விளிம்பை ஒட்டி மயிரிழை மயிரிழையாக வெடிப்பு சுற்றிலும் ஓடியிருந்தது. வண்டியோடு வந்த முதல் டயர்கள். பட்டன் தேயாததற்குக் காரணம் ரப்பர் நல்லதாக இருந்தது இல்லை, வண்டி நின்றதுதான்.

பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்புகளை நீக்கினோம். ஃபில்டருக்கு மேல் காய்ந்த இலையும் பஞ்சுமாக ஒரு எலிக்கூடு. அதன் பக்கத்தில் போன வயரின் மேல் உறை கடிபட்டு உள்ளே செம்பு தெரிந்தது. விற்பனையாளரும் எட்டிப் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். அவருக்கும் தெரியாது என்றே நம்புகிறேன். கழுவிப் பாலிஷ் போட்ட வண்டியின் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் அந்த வண்டியை வாங்கவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் அந்தப் பெட்டியைத் திறக்காமல் நான் திரும்புவதில்லை.

அப்புறம் சீட் பெல்ட். முழுநீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் உட்புறத்தை எவ்வளவு கழுவினாலும், சுருளுக்குள்ளே இருந்த பகுதியில் சேற்றுக்கறை நின்றுவிடும். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியில் துரு, மண் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்?

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெயிலில் நிற்காத வண்டியின் பானட் சூடாக இருந்தால், நீங்கள் கேட்கக் கூடாத ஒரு சத்தத்தை முன்பே ஓட்டித் தீர்த்துவிட்டார்கள் என்று பொருள் கொள்ளலாம். ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முதல் பத்து நொடி நிறையச் சொல்லும்: எஞ்சினுக்குள் இருக்கும் சங்கிலியின் கடகட சத்தம், நீலப் புகை, தடுமாறும் ஐடிலிங்.

ரேடியோவை அணைத்துவிட்டு, விற்பனையாளரையும் சற்று அமைதியாக இருக்கச் சொல்லி, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. நெடுநாள் நின்ற வண்டியில் டயர் ஒரு பக்கம் தட்டையாகி ஸ்டியரிங் அதிரும். கொஞ்ச தூரம் ஓடியதும் அதிர்வு அடங்கிவிட்டால் பரவாயில்லை, அடங்காவிட்டால் டயர் மாற்ற வேண்டும். பிரேக் மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க் சீராக இல்லை. கியர் மாறும்போது இடிக்கக் கூடாது, தயங்கவும் கூடாது. ஏசியை வெப்பக் காற்றுக்கும் ஒருமுறை மாற்றுங்கள். இனிப்பான வாடை வந்தால் ஹீட்டரில் கூலண்ட் கசிகிறது. பெரிய செடானில் அதைச் சரிசெய்ய டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

ஒரு ஸ்கேனரை ஓபிடி முனையில் (வண்டியின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்கும் இணைப்பு) செருகிப் பார்த்துவிட்டு நிம்மதி அடையுங்கள். பிழைக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். ஆனால் கோளாறு அப்படியே இருக்கும். அழித்தால் வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய், "முடியவில்லை" என்று காட்டும். குறியீடு அழித்தபிறகு எத்தனை கி.மீ. ஓடியது என்பதையும் பல வண்டிகள் சொல்லும். அது 6 கி.மீ. என்றிருந்தால் யாரோ இன்று காலையில்தான் அழித்திருக்கிறார்கள். பேட்டரி கழற்றி மாற்றினாலும் இப்படி ஆகலாம் என்பதால் சண்டைக்குப் போக வேண்டாம். நூறு இருநூறு கி.மீ. ஓடவிட்டு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

ரீகால் பற்றி டீலர் ஒன்றும் சொல்லவில்லையே?

நீங்களே பாருங்கள். உற்பத்தியாளரின் இணையதளத்தில் வின் எண்ணைப் போட்டால், செய்யாமல் பாக்கி இருக்கும் ரீகால்கள், அதாவது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய உற்பத்தியாளர் வண்டியைத் திரும்ப அழைத்த அறிவிப்புகள், தெரியும். ஓட்டம் குறைந்த வண்டிக்கு இது கூடுதல் முக்கியம், ஏனென்றால் அது சர்வீஸ் சென்டர் பக்கமே அதிகம் போயிருக்காது.

டகாடா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரம் இதற்கு மிகத் தெளிவான உதாரணம். ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டரில் இருந்த அமோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுச் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோக உறையையே வெடிக்கவைத்துச் சில்லுகளைப் பறக்கவிட்டது. உயிர்கள் போயின. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தச் சிதைவுக்கும் மீட்டருக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் பத்திரமாக நின்ற வண்டியிலும் அது நடந்துகொண்டேதான் இருந்தது. ரீகால் பாக்கி இருந்தால், வேலையை முடித்த ரசீதைக் காட்டிய பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

"சான்றளிக்கப்பட்ட" வண்டிக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

சான்று தருவது யார் என்பதைப் பொறுத்தது. உற்பத்தி நிறுவனம் தந்தால் அதன் எந்த சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி செல்லும். டீலரே அடித்துக் கொடுத்த சான்று என்றால் அந்தக் கடைக்குள் மட்டும்தான் மதிப்பு. சோதனைப் பட்டியலைக் கையில் வாங்கிப் படியுங்கள். டயர் தயாரித்த ஆண்டு, பேட்டரியின் வயது, பிரேக் ஆயில் நிலை இந்த மூன்றும் அதில் இல்லாவிட்டால், நின்ற வண்டிக்கு அந்தப் பட்டியலால் பெரிய பயனில்லை.

கம்பெனி வாரண்டி இன்னும் மிச்சம் இருக்கிறது என்கிறார்களே?

"5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அது" என்பதுபோலத்தான் வாரண்டிகள் எழுதப்படுகின்றன. ஓட்டம் குறைந்த வண்டிக்கு முதலில் வருவது எப்போதும் ஆண்டுதான். முதல் விற்பனைத் தேதியிலிருந்து எண்ணுங்கள்.

விலையை எப்படிப் பேசுவது?

மாதத் தவணை எவ்வளவு என்ற பேச்சுக்குள் முதலில் போகாதீர்கள். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டதும் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், தவணைக் காலத்தை நீட்டி எந்த விலையையும் அதற்குள் அடக்கிவிடுவார்கள். பதிவு, வரி, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து வண்டி வெளியே வரும் மொத்தத் தொகையைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் பழைய வண்டியைக் கொடுப்பதாக இருந்தால், வாங்கும் வண்டியின் விலை முடிந்தபிறகு அதைத் தனியாகப் பேசுங்கள். கடன் தேவையென்றால் உங்கள் வங்கியில் ஒரு வட்டி விகிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

பேரத்தில் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் வயதான பாகங்களின் பட்டியல். நான்கு டயர், ஒரு பேட்டரி, எல்லா ஆயில்களும் கூலண்டும், பெல்ட்டுகள்: இவற்றுக்கு ஆகும் செலவைக் கூட்டி, "ஓட்டம் குறைவு என்று கூடுதல் விலை கேட்கிறீர்கள், வயதுக்கான செலவு இது" என்று எதிரே வையுங்கள். பண்போடு, கணக்கோடு சொன்னால் பெரும்பாலும் எடுபடும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கிலோமீட்டர் கெடுவும் உண்டு, ஆண்டுக் கெடுவும் உண்டு.

வெளி மெக்கானிக்கிடம் காட்ட டீலர் சம்மதிக்கவில்லை. என்ன செய்வது?

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். காப்பீட்டுக் காரணத்தால் வண்டியை வெளியே அனுப்ப மாட்டோம் என்றால், மெக்கானிக்கை அங்கே அழைத்துவர அனுமதி கேளுங்கள். அதற்கும் மறுத்தால் பேச ஒன்றுமில்லை.

பன்னிரண்டு வயது, 20,000 கி.மீ. வண்டி ஒன்று. ஐந்து வயது, 80,000 கி.மீ. வண்டி இன்னொன்று. விலை ஒன்றுதான். எதை எடுப்பது?

ஐந்து வயது வண்டிக்கு சர்வீஸ் ரசீதுகள் முழுமையாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய எஞ்சினுக்கு 80,000 ஒரு சுமையே இல்லை. பாதுகாப்பு அம்சங்களும் ஏழு ஆண்டு புதியவை. பன்னிரண்டு வயது வண்டியை எடுக்க ஒரே நிலைமையில் சம்மதிப்பேன்: ஓடாத ஆண்டுகளிலும் தவறாமல் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றிய ரசீதுகள் கையில் இருந்தால். அப்படி வளர்த்த வண்டியும் உண்டு. கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கியாயிற்று. முதல் மாதம் என்ன செய்ய வேண்டும்?

எஞ்சின் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், அன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது. டயர் ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் சோதிக்கக் கொடுங்கள், பத்து ஆண்டைத் தொட்டிருந்தால் உடனே மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச்சூடு ஏறும்படி அரை மணி நேரம் ஓட்டுங்கள். நெடுநாள் உலர்ந்த சீல்கள் ஓடத் தொடங்கியபிறகுதான் கசியத் தொடங்கும். அதனால் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை, இரவு நிறுத்தும் இடத்தில் ஒரு பழைய அட்டையை விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். செம்மை நிறச் சொட்டு பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஆயில், கருப்பு எஞ்சின் ஆயில், பச்சையோ இளஞ்சிவப்போ கூலண்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏசியில் இருந்து சொட்டியது, விட்டுவிடலாம்.